தொட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகம்

வாசகர் கேள்வி:

எனக்கு ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். முதல் குழந்தை. பிறந்த மூன்றாம் நாள் எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தபோது, மரபணு ஆபத்தைக் கண்டறியும் ஓர் ஆய்வுக்காகவும் சில துளிகள் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. ஆறு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, செல்போனுக்கு அறிக்கை வந்தது. முதல் வகை நீரிழிவு நோய்க்கான 'அதிக மரபணு ஆபத்து', டி.ஆர்.3, டி.ஆர்.4 என்ற மரபணு வகைகள் இரண்டும் உள்ளன, மற்றக் குழந்தைகளைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வாய்ப்பு என்று எழுதியிருந்தது. திங்கட்கிழமை வரை விவரம் கேட்க ஆள் இல்லை. பிறகு பேசியவர், நூறு பேரில் ஐந்து பேருக்கு வரலாம் என்றார்.

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை என்றே சொல்ல வேண்டும். இரவில் எழுந்து அவள் மூச்சை முகர்ந்து பார்க்கிறேன். டயப்பரை எடைபோட்டு எழுதி வைக்கிறேன். வாரம் இரண்டு முறை கால் விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்க்கிறேன். இது போன மாதம்தான் என் கணவருக்குத் தெரிந்தது, பெரிய சண்டை. 'ஒன்றும் வராது, விடு' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். மாமியாரோ 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே' என்கிறார். ஆன்டிபாடி பரிசோதனைக்கு வரச்சொல்லி இரண்டு முறை அழைத்தார்கள். பயத்தில் தள்ளிப்போட்டுவிட்டேன். பசும்பால் கலந்த எதையும் கொடுக்காமல் இருந்தால் தடுக்கலாமா? இந்தப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டது என் தவறா? அவள் சிரிக்கும்போதுகூட என்னால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. என் நோட்டின் ஒரு பக்கத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

மரபியல் ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தைவிட முதலில் என் கண்ணில் பட்டது அந்த நோட்டுப் பக்கம்தான். அடிக்கோலால் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்திருக்கிறீர்கள்: நேரம், பால், டயப்பர் எடை, மூச்சு. இரவு 2.10, 3.40, விடிகாலை 5.05. ஒவ்வொரு வரியிலும் கிராம் கணக்கு. மூச்சுப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை 'சரி', 'சரி', 'சரி'. அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காமல், யாரும் மாற்றி நிற்காமல், ஐந்தரை மாதமாக ஒரு தாய் தனியாக இரவுக் காவல் நின்றிருக்கிறாள். உங்களைக் குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தக் காவலை முடித்துக்கொள்ள உங்களுக்கு உதவ வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கால் விரலில் குத்துவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். குழந்தைக்கு வலிக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் தேடுவதை அந்தக் கருவியால் காட்ட முடியாது. இந்த நோயில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தானே தாக்குகிறது. அந்தத் தாக்குதல் தொடங்கி மாதக்கணக்கில், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் சென்ற பிறகுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கும். ஆகவே, இன்று அளவு சரியாக இருந்தால் அது நாளையைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்த நிம்மதி சில மணி நேரத்தில் கரைந்துவிடும், மறுபடி குத்தத் தோன்றும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். தொடக்கத்தைக் காட்டக்கூடியது நீங்கள் தள்ளிப்போட்டிருக்கும் அந்த ஆன்டிபாடி பரிசோதனை, அதாவது அந்தத் தாக்குதலின் அடையாளமாக ரத்தத்தில் தோன்றும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் பரிசோதனை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறந்த முதல் ஆறு மாதத்துக்குள் முதல் வகை நீரிழிவு பெரும்பாலும் வருவதே இல்லை. அந்த வயதில் நீரிழிவு கண்டறியப்பட்டால், மருத்துவர்கள் ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் வேறொரு வகையைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். கணையத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளும் வழக்கமாக ஆறு மாதத்துக்குப் பிறகே தலைகாட்டும். நீங்கள் விழித்திருந்த இரவுகளில் பெரும்பாலானவை, அந்த நோய் கிட்டத்தட்ட வரவே வராத இரவுகள். அறிக்கையை அனுப்பியவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை அதில் சேர்த்திருந்தால் உங்களுக்கு எத்தனை இரவுகள் மிச்சமாகியிருக்கும்! வெள்ளிக்கிழமை மாலை ஒரு தாயின் கைபேசிக்கு 'அதிக ஆபத்து' என்று அனுப்பிவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவது எனக்குக் கோபமூட்டுகிறது. முடிவைச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். கேள்வி கேட்க ஆள் இருக்கும் நேரத்தில், மனிதக் குரலில் அதைச் சொல்ல வேண்டும்.

இனி, அந்த எண்ணைப் பார்ப்போம். 'பத்து மடங்குக்கும் மேல்' என்பது பொய் இல்லை. ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடையே நடந்த ஆய்வுகளின்படி, பொதுவாக ஆயிரம் குழந்தைகளில் மூன்று நான்கு பேருக்கு இந்த நோய் வருகிறது. உங்கள் மகளைப் போன்ற மரபணு அமைப்புள்ளவர்களில் அது நூற்றுக்கு ஐந்து பேர் அளவில். வகுத்துப் பார்த்தால் பத்து மடங்கைத் தாண்டும். ஆனால் மிகச் சிறிய ஒன்றைப் பத்தால் பெருக்கினாலும் அது சிறியதாகவே இருக்கலாம். என் அறையில் நான் பெற்றோரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பத்து வரிசையில் பத்துப் பத்தாக நூறு வட்டம் போடச் சொல்வேன். நான் போட்டுத் தர மாட்டேன், அவர்களே போட வேண்டும். பிறகு ஐந்தை மட்டும் பென்சிலால் நிரப்பச் சொல்வேன். நூறு வட்டம் போடச் சில நிமிடமாவது ஆகும். எழுபது எண்பதைத் தாண்டும்போது கை வலிக்கும். நிரப்பாத தொண்ணூற்று ஐந்து என்பது எவ்வளவு பெரிய கூட்டம் என்று கைக்குத் தெரிந்த பிறகு, மனத்துக்கும் கொஞ்சம் தெரியும். இன்றிரவு நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

போட்டு முடித்த பிறகும் உங்கள் கண் அந்த ஐந்து கறுப்பு வட்டங்களுக்கே போகும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படிப் போகாத தாயை நான் பார்த்ததில்லை. நூறு குழந்தைகளைப் பற்றிச் சொல்லப்பட்ட எண்ணை, மடியில் கிடக்கும் ஒரே குழந்தையின் மேல் பொருத்திப் பார்க்க எந்த மனத்துக்கும் சுலபத்தில் வராது. அவள் நூறில் ஐந்து பங்கு நோயாளியாக இருக்கப் போவதில்லை. ஒன்று வரும், அல்லது வராது. இந்த இரண்டுக்கும் நடுவே எப்படி நிற்பது என்று யாருமே உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. சமூகவியலாளர்கள் ஸ்டெஃபான் டிம்மர்மன்ஸ், மாரா புக்பைண்டர் இருவரும் பச்சிளங்குழந்தைகளுக்கான பரிசோதனைகளை ஆராய்ந்தபோது, இந்த நிலையில் இருப்பவர்களைக் 'காத்திருக்கும் நோயாளிகள்' என்றார்கள். நோயும் இல்லை, நோயில்லை என்ற உறுதியும் இல்லை. அந்தக் காத்திருப்பைக் குழந்தை உணர்வதில்லை. முழுக்கச் சுமப்பது பெற்றோர்தான்.

உங்கள் மகளுக்குக் குதிகாலில் எடுத்த ரத்தத்தில் இரண்டு வேறு வேறு வேலைகள் நடந்திருக்கின்றன. அந்த வேறுபாட்டில்தான் உங்கள் வேதனையின் வேர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யும் பரிசோதனையின் கதை 1934-இல் நார்வேயில் தொடங்குகிறது. அறிவு வளர்ச்சி குன்றிய இரண்டு பிள்ளைகளை வைத்திருந்த ஒரு தாய், அவர்களிடமிருந்து ஒரு விசித்திரமான வாடை வருவது ஏன் என்று கேட்டு அலைந்தார். அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரை ஆராய்ந்து, இன்று நாம் ஃபினைல்கீட்டோனூரியா என்று சொல்லும் நோயைக் கண்டுபிடித்தார். உணவிலுள்ள ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் கையாள முடியாமல் போய் மூளை பாதிக்கப்படுகிற நோய் அது. 1950-களில் அதற்கான உணவு முறை வந்தது. 1963-இல் ராபர்ட் குத்ரி, வடிதாளில் உலர்த்திய ஒரு துளி ரத்தத்திலேயே அந்த நோயைப் பிடிக்கும் முறையை வெளியிட்டார். பிறந்த சில நாள்களில் கண்டுபிடித்து உணவை மாற்றினால் அந்தக் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். அங்கே செய்தி கையில் வந்த அன்றே, செய்ய வேண்டிய வேலையும் கூடவே வருகிறது. பெற்றோர் பதறிப் போவார்கள். ஆனால் அந்தப் பதற்றம் உடனே ஒரு வேலையில் போய்ச் சேர்ந்துவிடும்.

உங்களிடம் கேட்ட அந்த 'இன்னும் சில துளிகள்' வேறு வகை. அது நோயைக் கண்டறியவில்லை, சாத்தியத்தைச் சொன்னது. 'இப்படி இருக்கலாம்' என்றது, 'ஆகவே இதைச் செய்யுங்கள்' என்று எதுவும் சொல்லவில்லை. வேலை கொடுக்காமல் செய்தியை மட்டும் கொடுத்தால், தாயின் மனம் தானாகவே வேலையை உண்டாக்கிக்கொள்ளும். டயப்பரை எடைபோடுவதும் மூச்சை முகர்வதும் விரலில் குத்துவதும் அப்படி உண்டான வேலைகள்தான். இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. இதே மரபணு ஆபத்துள்ள குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும், பல தாய்மார்கள் யாரும் சொல்லாமலேயே குழந்தையின் உணவை மாற்றியதும் ரத்தச் சர்க்கரையைப் பார்த்ததும் பதிவாகியிருக்கிறது.

ஸ்வீடனில் 1972 முதல் 1974 வரை ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் குறைவாக இருக்கிறதா என்று இரண்டு லட்சம் பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்கள் புகைபிடித்தால், பிற்காலத்தில் நுரையீரல் மிக மோசமாகக் கெடும். நல்ல நோக்கம்தான். ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பெற்றோரிடம், இருபது முப்பது வருடம் கழித்து வரக்கூடிய ஒன்றைச் சொன்னபோது, பல குடும்பங்கள் நொறுங்கிப்போயின. அந்த மனவேதனை காரணமாகத் திட்டத்தையே நிறுத்தினார்கள். இதோடு கதை முடியவில்லை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து பதினெட்டு வயதைத் தொட்டபோது பார்த்தால், அவர்களிடையே புகைபிடிப்பவர்கள் சக வயதினரைவிடக் குறைவு. செய்தி வீணாகவில்லை, அது உதவத்தான் செய்தது. முதல் சில வருடங்களில் பெற்றோர் அதை எப்படிச் சுமப்பது என்பதற்கு மட்டும் யாரும் வழி செய்து வைக்கவில்லை. நான் இந்தத் தொழிலில் அடிக்கடி நினைத்துக்கொள்வது இந்த ஸ்வீடன் குடும்பங்களைத்தான்.

நீங்கள் ஒப்புக்கொண்டது தவறா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: இல்லை. பிரசவம் முடிந்த மூன்றாம் நாள், தூக்கமும் வலியுமாக இருந்த நேரத்தில், குழந்தைக்கு நல்லது என்று சொல்லி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த நேரத்தில் ஒரு தாய் வேறு என்ன செய்வாள்? இப்போது 'தெரியாமலே இருந்திருக்கலாம்' என்று தோன்றினால் அதுவும் நியாயமான எண்ணம்தான். அதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம்.

மாமியார் சொன்னதற்கு அறிக்கையிலேயே பதில் இருக்கிறது. டி.ஆர்.3, டி.ஆர்.4 என்பவை நோய் எதிர்ப்பைச் சார்ந்த ஒரு மரபணுத் தொகுப்பின் இரண்டு வகைகள். ஒவ்வொரு குழந்தையும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பெறுகிறது. இரண்டுமே உங்கள் மகளிடம் இருக்கின்றன என்றால், ஒன்று உங்களிடமிருந்து, மற்றது உங்கள் கணவரிடமிருந்து. இரண்டு குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதிலும், தனித்தனியாக இந்த வகைகளை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் நோய் எதுவும் இல்லாமல் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள், உங்கள் இரு வீட்டுப் பெரியவர்களைப் போல. முதல் வகை நீரிழிவு வருகிற குழந்தைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் அந்த நோய் உள்ள நெருங்கிய உறவினர் யாருமே இருப்பதில்லை. 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே' என்று அவர் சொல்வது உண்மைதான். அதை வைத்து உங்கள் மேல் பழி போட மட்டும் முடியாது. இதை நீங்கள் போய் அவரிடம் வாதாட வேண்டியதில்லை. உங்கள் கணவர் சொல்லட்டும், அது அவர் வேலை.

பால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வியைப் பதினைந்து நாடுகளில் 2,159 குழந்தைகளை வைத்து நேரடியாகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். குடும்பத்தில் இந்த நோய் இருந்து மரபணு ஆபத்தும் உள்ள குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு வழக்கமான பசும்பால் ஃபார்முலாவும், இன்னொரு பிரிவுக்குப் பசும்பாலின் புரதத்தை நன்றாகச் சிதைத்த ஃபார்முலாவும் கொடுத்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது: நோய் வருவதில் இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே பசும்பாலுக்குப் பயந்து குழந்தையின் உணவைக் குறுக்காதீர்கள். தாய்ப்பால் கொடுக்க முடிகிறவரை கொடுங்கள், அது பொதுவாகவே நல்லது. திட உணவைக் குழந்தை மருத்துவர் சொல்லும் முறைப்படி தொடங்குங்கள். நீங்கள் சாப்பிட்ட இனிப்பாலோ அவள் சாப்பிடப் போகும் இனிப்பாலோ இந்த நோய் வராது. தடுப்பூசி எதையும் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் நீங்கள் செய்தால் நோய் நின்றுவிடும், செய்யாவிட்டால் வந்துவிடும் என்று ஒன்றுமே இல்லை. இது சில பெற்றோருக்கு ஏமாற்றம் தருகிறது. உங்களுக்கு விடுதலையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆன்டிபாடி பரிசோதனைக்கு வருகிறேன். வாரம் இரண்டு முறை வீட்டில் குத்துகிற நீங்கள், அழைத்தும் அங்கே போகவில்லை. முரண்பாடு போலத் தெரிந்தாலும் எனக்குப் புரிகிறது. வீட்டுக் கருவி 'இன்றைக்கு இல்லை' என்று சொல்லும். அந்தப் பரிசோதனை வேறு ஏதாவது சொல்லிவிடுமோ என்ற பயம். போகாமலிருக்கவும் ஆய்விலிருந்து முழுதாக விலகிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. என் கருத்தைக் கேட்டால், போங்கள் என்பேன். இந்த நோயில் உண்மையில் ஆபத்தான தருணம், யாருக்கும் தெரியாமல் சர்க்கரை ஏறி, ரத்தத்தில் அமிலம் சேர்ந்து, குழந்தை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குப் போகும் அந்தத் தருணம்தான். கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். இப்படித் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட குழந்தைகளில் யாருக்காவது நோய் வந்தபோது, அந்த நிலைக்குப் போனவர்கள் மிகக் குறைவு. அமெரிக்கா, ஃபின்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த 'டெடி' ஆய்விலும் இதைப் பார்த்தார்கள். பரிசோதனைக்கு நீங்கள் போவதில் கிடைக்கும் உண்மையான பயன் இது. காவல் வேலையை உங்கள் தோளிலிருந்து இறக்கி, அதற்கென்று இருப்பவர்களிடம் ஒப்படைப்பீர்கள்.

போவதற்கு முன் அவர்களிடம் ஒரு நிபந்தனை வையுங்கள். முடிவைக் குறுஞ்செய்தியாக அனுப்பக் கூடாது. வார நாளில், காலையில், தொலைபேசியில் ஒருவர் சொல்ல வேண்டும். உங்கள் கணவரும் அந்த அழைப்பில் இருக்க வேண்டும். இதைக் கேட்க நீங்கள் தயங்கவே வேண்டாம். ஓர் ஆன்டிபாடி மட்டும் தெரிந்தால் பதற வேண்டாம், அது சில குழந்தைகளில் மறைந்தும் போகிறது. இரண்டோ அதற்கு மேலோ நிலையாக இருந்தால் நிலைமை வேறு, அப்போது அடுத்த கட்டம் பற்றி உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அந்த நாள் வந்தால் பேசுவோம். இன்று அதற்காக அழ வேண்டாம்.

இரவில் மூச்சு முகர்வதற்குப் பதிலாக உங்களிடம் இருக்க வேண்டியது ஒரு சிறிய சீட்டு. அதில் இவ்வளவு போதும்: வழக்கத்தைவிட மிக அதிகமாக நனையும் டயப்பர் சில நாள்களுக்குத் தொடர்வது, தீராத தாகம், எடை ஏறாமலோ குறைந்தோ போவது, சோர்ந்து கிடப்பது. இவை சேர்ந்து தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். இவற்றோடு வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம் இருந்தால் நேரே அவசரப் பிரிவு. சீட்டைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் படிக்கட்டும். இந்த அறிகுறிகள் தராசு இல்லாமலே கண்ணுக்குத் தெரியும். தராசையும் குளுக்கோமீட்டரையும் உங்கள் கணவரிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி. 'ஒன்றும் வராது, விடு' என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆய்வுகளில் அளந்து பார்க்கும்போது தந்தையரின் பதற்றம் தாய்மாரைவிடக் குறைவாகத்தான் வருகிறது, உண்மைதான். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருளாகாது. சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி ஒரு மணி நேரம் அழுதார், கணவர் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது அவர் மட்டும் கதவருகே நின்று, 'வந்தால், அவள் பள்ளிக்கூடத்தில் ஊசியை யார் போடுவார்கள்?' என்று கேட்டார். குழந்தைக்கு அப்போது வயது நான்கு மாதம். மனைவியைவிட அவர் பல வருடம் முன்னால் போய் நின்று பயந்துகொண்டிருந்தார். உங்கள் கணவரிடம் 'நீங்கள் கவலைப்படுவதே இல்லை' என்று தொடங்காமல், 'உங்களுக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், இதைப் பேசுவதற்கென்றே ஒதுக்குங்கள். மற்ற நாள்களில் பேச்சு வந்தால் 'அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவையுங்கள். அவரால் அரை மணி நேரம் தாங்க முடியும். எந்நேரமும் தாங்கத்தான் முடியவில்லை.

அந்தத் தந்தையின் கேள்வியை உங்களுக்காகவும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது: வந்துவிட்டால்? 1922 ஜனவரியில் டொராண்டோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைத்ததில்லை. இன்று இந்த நோயோடு பிள்ளைகள் படிக்கிறார்கள், ஓடுகிறார்கள், வளர்ந்து தாங்களும் பிள்ளை பெறுகிறார்கள். தினமும் இன்சுலினும் கணக்கும் கவனமும் வேண்டும், அந்தச் சுமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தானே அளக்கும் சென்சார்களும் இன்சுலின் பம்புகளும் இப்போது இருக்கின்றன. ஆன்டிபாடிகள் வந்து சர்க்கரை மாறத் தொடங்கிய எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, நோய் முழுதாக வெளிப்படுவதைத் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்கள் மகள் எட்டு வயதைத் தொடும்போது இன்னும் என்னென்ன வந்திருக்குமோ.

இனி உங்களைப் பற்றி, கொஞ்சம் கண்டிப்பாகவே. ஐந்தரை மாதம் தூங்காமல் இருப்பது, குழந்தை சிரிக்கும்போது மகிழ்ச்சி வராமல் போவது, ஒன்றையே திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது ஆகியவற்றை அறிக்கை தந்த கவலை என்று மட்டும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் பதற்ற நோயும் முதல் ஒரு வருடம் முழுவதும் வரக்கூடியவை. சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுபவை. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் 1987 முதல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நிரப்ப ஐந்து நிமிடம் ஆகும். இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போய், அந்த நோட்டைக் காட்டி, அதை நிரப்பிக் கொடுங்கள். உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் ஒரு நொடி வந்தாலும் வாரக் கணக்குப் பார்க்காமல் உடனே யாரிடமாவது சொல்லி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கவலை எப்போது போகும் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. 'டெடி' ஆய்வில் தாய்மாரின் பதற்றம் தொடக்கத்தில் உயர்ந்திருந்து, மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்தது. பாஸ்டன் நகரில் 325 குடும்பங்களோடு நடந்த ஒரு சோதனையில், பச்சிளங்குழந்தைகளில் சிலரின் மரபணுத் தொகுதியை விரிவாகப் படித்துப் பெற்றோரிடம் சொன்னார்கள். மரபணு ஆலோசனையும் கூடவே இருந்தது. 2021-இல் வெளியான முடிவில், பெற்றோர்-குழந்தைப் பிணைப்பிலோ தம்பதியரின் உறவிலோ நீடித்த பாதிப்பு தெரியவில்லை. கூடவே ஆள் இருந்தால் இந்தச் செய்தியைத் தாங்க முடிகிறது என்று நான் அதைப் படிக்கிறேன். உங்களுக்கு அந்த ஆள் ஐந்தரை மாதம் இல்லாமல் போய்விட்டார். குறை அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக அந்த நோட்டுப் பக்கம். மூச்சுப் பத்திக்கு வெளியே, தாளின் ஓரத்தில், கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே, இடமில்லாமல் நெருக்கி, குறுக்காக மூன்று சொற்கள் எழுதியிருக்கிறீர்கள்: 'இன்று தானாக உட்கார்ந்தாள்.' அனுப்பும்போது நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. அதில் தேதி இல்லை. நேரத்துக்கும் கிராமுக்கும் இருக்கிறது, அதற்கு மட்டும் இல்லை. பக்கத்து வரிகளைப் பார்த்து எந்த நாள் என்று கண்டுபிடித்து எழுதி வையுங்கள். பேசத் தெரிந்த பிறகு, தான் எப்போது உட்கார்ந்தேன் என்று அவள் கேட்பாள்.